பிரசங்கத்தின் நடுவில் போன ஓர்கன்

போன கிழமை எங்கள் பங்குச் சுவாமி மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். வயதில் என் கடைசி மகனைவிடச் சின்னவர். உள்ளே வரச் சொன்னேன். நேரமில்லை என்று தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னார். வருகிற மாதம் கிறிஸ்தவ ஒற்றுமை வாரம். எல்லாச் சபைக்காரரும் ஒரு மாலை ஒன்றாகக் கூடுகிறார்கள். அதில் நான் பத்து நிமிடம் திருச்சபை வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டுமாம்.

“சுவாமி, நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டனான்,” என்றேன்.

“அதாலதான் ஐயா உங்களைக் கேக்கிறன். படிச்ச ஆக்களை விட்டா பத்து நிமிசத்தில நிப்பாட்ட ஏலாது.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் ஒரு தடித்த புத்தகமும் அனுப்பிவைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மேசை விளக்கைப் போட்டு, பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி உட்கார்ந்தேன். மூன்று பக்கம் போவதற்குள் நான்கு ஆயர்கள் ஒருவரை ஒருவர் சபைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். யார் யாரைத் தள்ளினார் என்று பார்க்கத் திரும்பவும் முதல் பக்கத்துக்குப் போனேன்.

அந்த நேரம்தான் மணம் வந்தது. என் மனைவி மேர்சி பக்கத்துக் கதிரையில் இருந்து முழங்காலுக்கு யூக்கலிப்டஸ் தைலம் பூசிக்கொண்டிருந்தாள். கடிக்கிற நுளம்பை விரட்டச் சிரட்டைத் தணலில் சாம்பிராணியும் போட்டிருந்தாள். இரண்டு மணமும் நடு வீட்டில் சந்தித்துக் கைகோத்துக்கொண்டன. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

“இஞ்சேருங்கோ, மூக்கைத் தூக்கிக்கொண்டு என்ன மணந்து பாக்கிறியள்?”

“ஓர்கன் மணக்குது,” என்றேன்.

அவளும் தைலப் போத்தலை மூடாமலே மணந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். “ஓம், என்ன? அப்பிடியே மணக்குது.”

ஓர்கன் எப்படி மணக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

வெள்ளைக்காரரின் கடற்படை எங்கள் ஊர்த் துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில், ஓர் அதிகாரியின் வீட்டில் இருந்த மிதி ஓர்கன் அது. தள்ளி உருட்ட அடியில் நான்கு சின்னச் சில்லுகள். முன்னால் கீழே இரண்டு பலகைகள் இருக்கும். அவற்றைக் காலால் மாறி மாறி மிதித்தால் உள்ளே துருத்தி காற்றை இழுக்கும். மேலே கட்டைகளை அழுத்தினால் பாட்டு வரும். அந்த வீட்டுக் குசினியில் சமைத்தவர் கத்தோலிக்கர். தோட்டத்தைப் பார்த்தவர் மெதடிஸ்த சபைக்காரர். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு மனம் நோகும் என்று துரை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். கப்பலேறுகிறவருக்கு அது சுகம். இங்கே இருக்கிறவர்கள் அல்லவா பங்கிட வேண்டும்? ஆட்டிறைச்சி மாதிரி ஓர்கனைக் கூறு போட ஏலாது.

அப்படி ஒரு வழக்கம் வந்தது. கிழமை நாட்களில் ஓர்கன் மெதடிஸ்த ஆலயத்தில் இருக்கும். ஞாயிறு விடியக் கைவண்டிலில் ஏற்றி எங்கள் கோயிலுக்குக் கொண்டு வருவோம். ஏழரைப் பூசை முடிந்ததும் திரும்பக் கொண்டு போக வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய ஆராதனை ஒன்பது மணிக்கு. வண்டிலை முன்னுக்குக் கயிறு போட்டு இழுக்கிறவர் அவர்களுடைய ஆள். பின்னுக்குத் தள்ளுகிறவர் எங்களுடைய ஆள். எங்கேயாவது இடித்து உடைந்தால் மற்றப் பக்கத்தைக் குற்றம் சொல்ல யாருக்கும் வழியில்லை. இந்தச் சட்டத்தை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த கட்டளையாக அதைக் கைக்கொண்டார்கள்.

இப்போது மணத்துக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் தூபம் காட்டும்போது ஓர்கன் அந்தப் புகையையெல்லாம் இழுத்துத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். அவர்களுடைய ஆலயத்தில் முதல் பாட்டுக்கு மிதித்தவுடன் சாம்பிராணி மணம் மெதுவாக வெளியே வரும். தூபத்தையே வேண்டாம் என்று வைத்த சபை அது! முன் வரிசை வாங்கில் இருந்த ஒரு தாயார் கடமை தவறாமல் ஒவ்வொரு ஞாயிறும் இருமுவார். மணம் போவதற்காக ஓர்கனை உள்ளும் புறமும் யூக்கலிப்டஸ் தைலத்தால் துடைப்பார்கள். அடுத்த ஞாயிறு அந்தத் தைல மணம் எங்கள் பூசைக்கு வரும். எங்கள் கோயிலில் ஓர்கன் வாசிக்கிற சூசை மாஸ்டர், “மெதடிஸ்தக்காரருக்கு இந்தக் கிழமையும் சளித் தடிமன் போல,” என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறப்பார்.

முன்னுக்கு இழுத்த ஆள் யோபு ஐயா. துறைமுகத்தில் கப்பல்கள் வந்து அணையும்போது கயிறு பிடித்துக் கட்டுகிற வேலை. அவர் ஓர்கனைக் கட்டினால் கடல் கொந்தளித்தாலும் அசையாது. பின்னுக்குத் தள்ளின ஆள் நான். எனக்கு இருபத்திரண்டு வயது. படகு திருத்துகிற பட்டறையில் வேலை. கை கால் பலமாக இருந்தது. மூளையைப் பற்றி அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

உண்மையில் திருச்சபை வரலாற்றை நான் படித்த பள்ளிக்கூடம் அந்த வண்டில்தான். கடற்கரை வீதியிலிருந்து அவர்களுடைய ஆலயம் வரைக்கும் கால் மணி நேரம், கடைசியில் ஓர் ஏற்றம். மூச்சு வாங்குகிற ஏற்றம் வரும்வரைக்கும் எங்களுக்குள் வாய்க் கொளுவல்தான்.

“ஒல்லாந்தன்ர காலத்தில எங்கட ஆக்கள் ஒளிச்சிருந்தெல்லோ செபம் சொன்னவை. பிடிச்சா மறியலுக்குள்ள போட்டிடுவாங்கள்,” என்பேன் நான்.

“அது ஒல்லாந்தன், தம்பி. நாங்கள் இங்கிலீசுக்காரனுக்குப் பிறகு வந்தனாங்கள். அந்த வழக்கில எங்களைச் சேராதையும்.”

“எல்லாரும் ஒரே வீட்டை விட்டுப் போன ஆக்கள்தானே, ஐயா?”

“வீடு ஒழுகினா வெளியில போகாம என்ன செய்யிறது? நீங்கள் முகட்டைத் திருத்தினீங்களோ?”

“இப்ப திருத்திப் போட்டம்.”

“நானூறு வரியம் பிந்தி! முதல்ல வண்டிலைத் தள்ளும். மான் ஒண்டு குறுக்கால நிக்குது.”

எங்கள் ஊர் வீதிகளில் மான்கள் மாடு மாதிரித் திரியும்; அது போகும்வரைக்கும் நிற்போம். கோபம் ஒருநாளும் வந்ததில்லை. கயிறு ஒருவர் கையிலும் வண்டில் மற்றவர் கையிலும் இருக்கும்போது கோபித்துக்கொண்டு எங்கே போவது?

மேர்சி அவருடைய மகள். அவர்களுடைய ஆலயத்தில் ஓர்கன் வாசிக்கிறவள். நாங்கள் கொண்டுபோய் இறக்கியவுடன் ஒரு துணியோடு வந்து கட்டைகளைத் துடைப்பாள். என்னோடு முதன்முதல் கதைத்தது, “ஓர்கன்ர பின் சில்லு கீச்சிடுது. எண்ணெய் போட ஏலாதோ?” என்பதுதான். அன்றிலிருந்து அந்தச் சில்லுக்கு நான் போட்ட எண்ணெயில் ஒரு கப்பலையே ஓட்டியிருக்கலாம். சில்லு மூச்சுக் காட்டாமல் ஓடியது. அதற்குப் பிறகும் நான் ஒவ்வொரு ஞாயிறும் எண்ணெய்ப் போத்தலோடு குனிந்திருந்தேன். அவளும், “இன்னும் கொஞ்சம் சாதுவாக் கீச்சிடுது,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. கடைசியில் ஒரு ஞாயிறு வழியில் யோபு ஐயாவிடம் கேட்டுவிட்டேன். முகத்தைப் பார்த்துக் கேட்கிற துணிவு எனக்கு இல்லை. ஆனால் அவர் முன்னுக்கும் நான் பின்னுக்கும் அல்லவா? அவருடைய முதுகைப் பார்த்துத்தான் என் மனைவியைப் பெண் கேட்டேன்.

முதுகு தன் பாட்டுக்கு வண்டிலை இழுத்துக்கொண்டு போனது. ஏற்றம் முடிந்து ஆலயத்துக் கேற் வந்த பிறகுதான் திரும்பினார்.

“எங்கட ஆலயத்தில அறுப்புப் பண்டிகை வரட்டும். அண்டைக்குச் சொல்லுறன். பிள்ளை பெரிய பாட்டு ஒண்டு பழகுது. அண்டைக்கு ஓர்கன் ஒம்பதுக்கு முதல் வந்து சேர வேணும், தம்பி. அதைப் பாப்பம்.”

இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். அப்போது எங்கள் பங்குக்கு வந்திருந்த புதுச் சுவாமியை மறந்துபோனேன்.

சுவாமி உரோமாபுரியில் படித்துவிட்டு வந்தவர். மெலிந்த தேகம், தடித்த கண்ணாடி, நல்ல மனம். எங்களுக்குத் திருச்சபையின் வரலாறு தெரியாதே என்று அவருக்குப் பெரிய கவலை. அதனால் ஞாயிற்றுக்கு ஒரு நூற்றாண்டு என்று பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். முதலாம் நூற்றாண்டில் பன்னிரண்டு நிமிடம். வேதசாட்சிகளுடைய காலத்தில் கால் மணி. உரோமைச் சக்கரவர்த்தி ஞானஸ்நானம் பெற்றபோது இருபது நிமிடம். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் என்ன நடந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த இரண்டு ஞாயிறும் நான் நித்திரை. ஆனால் நூற்றாண்டு ஏற ஏறப் பிரசங்கம் நீண்டது. ஓர்கன் ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தத் தொடங்கியது.

ஒருநாள் பட்டறையில் மரம் இழைத்துக்கொண்டிருக்கும்போது விரலை மடித்து எண்ணிப் பார்த்தேன். இழைப்புளியைக் கீழே வைத்தேன். அறுப்புப் பண்டிகை ஞாயிறுதான் பதினாறாம் நூற்றாண்டு. சபை பிரிந்த நூற்றாண்டு. சுவாமி அதை இருபது நிமிடத்தில் விடுவாரா? சூசை மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். “அதுக்கெண்டு தனியா ரெண்டு கொப்பி எழுதி வைச்சிருக்கிறார்,” என்றார்.

சுவாமியிடம் போய் ஒரு நூற்றாண்டைக் கடக்கச் சொல்லலாமா என்று கூட யோசித்தேன். அறை வாசல் வரைக்கும் போய், தோத்திரம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. எட்டு மணிக்கு முன்பே சுவாமி இரண்டு கொப்பியோடும் பிரசங்க மேடையில் ஏறிவிட்டார். எட்டு இருபதுக்கு முதலாவது கொப்பி முடிந்தது. எட்டரைக்கு யோபு ஐயா பக்கக் கதவடியில் வந்து நின்றார். கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டி, கையில் கப்பல் கயிறு. உள்ளே வரவில்லை, கண்ணைச் சிமிட்டாமல் என்னைப் பார்த்தார். எட்டு நாற்பது. சுவாமி இன்னும் செர்மனி தேசத்தை விட்டு வெளிக்கிடவில்லை. நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு மாதாவிடம் மன்றாடினேன். சுவாமிக்குத் தொண்டை அடைக்க வேண்டும் என்று மன்றாடினேன் என்பதை வெட்கத்தோடு சொல்லுகிறேன்.

சூசை மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். ஓர்கனுக்கு முன்னால் இருந்த வாங்கிலிருந்து மெல்ல எழும்பி ஒதுங்கி நின்றார். கண்ணால் கதவைக் காட்டினார். நான் குனிந்து தள்ளத் தொடங்கினேன். சில்லு சத்தமே போடவில்லை. இரண்டு வருட எண்ணெய்!

சுவாமி கையை உயர்த்தி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் தாயின் வீட்டை விட்டு வெளியேறினார்கள். எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? ஒன்றுமில்லை! வெறுங்கையோடு போனார்கள்!”

அந்த நேரம் பார்த்து ஓர்கனின் முன் சில்லு கதவு நிலையில் இடித்தது. மிதிபலகை அமுங்கியிருக்க வேண்டும். என் முழங்கையும் கட்டைகளில் பட்டுவிட்டது. கன்று ஈனுகிற பசு மாதிரி ஓர்கன் ஒரு நீண்ட சத்தம் போட்டது.

கோயில் முழுக்கத் திரும்பியது. சுவாமியும் திரும்பினார். ஓர்கன் பாதி உள்ளே, பாதி வெளியே. உள்ளே நான் குனிந்தபடி. வெளியே யோபு ஐயா, கயிறு தோளில். ஓடி ஒளிக்க இடமில்லை. யோபு ஐயா தொப்பியைக் கழற்றி, மரியாதையாக, துறைமுகத்தில் பேசிப் பழகிய பெரிய குரலில் சொன்னார்:

“மன்னிக்க வேணும், சுவாமி. இதை மட்டும் எடுத்துக்கொண்டு போறம். அடுத்த ஞாயிறு கொண்டுவந்து தருவம்.”

முதலில் சிரித்தது சூசை மாஸ்டர். பிறகு பெண்கள் பக்கம். பிறகு கோயில் முழுவதும். சுவாமி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பப் போட்டார். கொப்பியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

“மற்றக் கதவையும் திறந்து விடுங்கோ,” என்றார். “அகலமாத் திறவுங்கோ. இடிபடப் போகுது.”

வீதிக்கு வந்து பாதி வழி போன பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை, சுவாமி அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்துக்கு முன்னம், பூசையை விட்டு வந்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். யோபு ஐயாவும் அதைக் கவனித்திருந்தார்.

“பூசை முடிய முதல் வந்தனீரோ?”

“ஓம், ஐயா.”

“உங்கட முறைப்படி அது பாவமெல்லோ?”

“ஓம்.”

“அப்ப திரும்பிப் போம். நான் தனிய இழுக்கிறன்.”

“ஏத்தத்தில உங்களால ஏலாது, ஐயா.”

ஏற்றத்தில் அவர் இழுத்தார், நான் தள்ளினேன். என் மனம் எங்கள் கோயிலில் இருந்தது; கண் யோபு ஐயாவின் முதுகில் இருந்தது. ஒரு பக்கம் பூசையும் போய், மறுபக்கம் பெண்ணும் போய்விடுமோ என்று பயந்தேன். பிரிந்து போனவர்களைப் பற்றிச் சுவாமி சொன்னதையெல்லாம் அவர் கதவடியில் நின்று கேட்டிருக்கிறாரே!

ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கேற்றடிக்கு வந்தோம். மேர்சி வாசலில் நின்று அழுகிற நிலையில் இருந்தாள். நெற்கதிரும் பூசணிக்காயும் வாழைக்குலையுமாக ஆலயம் நிறைந்திருந்தது. ஓர்கனை இறக்கி வைத்த பிறகு யோபு ஐயா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

“தம்பி, உமக்கு உம்மட பூசை எவ்வளவு பெரிசு எண்டு எனக்குத் தெரியும். அதை விட்டிட்டு என்ர பிள்ளையின்ர பாட்டுக்காண்டி வந்தனீர். சரி. ஆனா ஒரு கதை. அவளை ‘உன்ர கோயிலை விடு’ எண்டு ஒருநாளும் கேக்கக் கூடாது.”

“கேக்க மாட்டன், ஐயா.”

“இனி மாமா எண்டு சொல்லும்.”

உள்ளே முதல் பாட்டு தொடங்கியது. சாம்பிராணி மணம் வெளியே வரைக்கும் வந்தது. முன் வாங்கில் இருந்த தாயார் இருமினார். அன்றைக்கு அந்த இருமல்கூட எனக்குச் சங்கீதமாகக் கேட்டது.

பின்னேரம் போய்ச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பூசையை விட்டதையும், அவருடைய தொண்டைக்காக மன்றாடினதையும் ஒளிக்காமல் சொன்னேன். திரைக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது. அபராதம் என்ன தெரியுமா? அந்த ஓர்கன் இருக்கும்வரைக்கும், ஒரு ஞாயிறும் தவறாமல், நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். “நானும் என்ர பங்கைச் செய்யிறன்,” என்றார். அடுத்த ஞாயிறு பதினேழாம் நூற்றாண்டு ஐந்தே நிமிடம். எங்கள் ஊர் மலையில் இருந்த பெரிய சிவன் கோயிலைப் போர்த்துக்கீசப் பறங்கியர் இடித்தது அந்த நூற்றாண்டில்தான். அவர்களோடு வந்த விசுவாசத்தைப் பெற்ற நாங்கள் அதற்காகத் தலைகுனியத்தான் வேண்டும் என்று சொல்லி, தானே முதலில் தலையைக் குனிந்துவிட்டு, இறங்கிவிட்டார். கேட்ட பிரசங்கங்களில் எனக்கு இன்றும் மறக்காதது அதுதான்.

கலப்புக் கலியாணத்துக்கு ஆயரிடம் அனுமதிக் கடிதம் எடுத்துத் தந்ததும் அந்தச் சுவாமிதான். கலியாணத்தன்று காலையில் ஓர்கன் எங்கள் கோயிலுக்கு வர வேண்டும். “மாப்பிள்ளை வண்டில் தள்ளுறதோ! ஊர் சிரிக்கும்,” என்று அக்கா குதித்தாள். ஞாயிறு இல்லாவிட்டாலும் அபராதம் அபராதம்தானே? புதுக் கோட்டோடு நான் தள்ள, மாமா கோட்டோடு இழுக்க, வீதியில் போனோம். நிலாவெளி பஸ் பக்கத்தில் வந்து மெதுவாக்கியது. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்தினான்:

“என்ன மாப்பிள்ளை, சீதனத்தை நீரே தள்ளிக்கொண்டு போறீர்?”

மாமா திரும்பிப் பார்க்காமல் பதில் சொன்னார்: “ஞாயிறு ஒம்பது மணிக்குத் திருப்பி எடுத்துப் போடுவன், தம்பி!”

மேர்சி தன் ஆலயத்தை விடவில்லை; நான் கேட்கவுமில்லை. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் எங்கள் கோயிலில். ஆனால் அவர்கள் வாயில் வந்தது தாயின் பாட்டு. இரண்டு இடத்திலும் ஞாயிறு பாடசாலைக்குப் போய், இரண்டு இடத்திலும் பாலன் பிறந்த நத்தாருக்குப் பரிசு வாங்கி வந்தார்கள். அந்த விஷயத்தில் சபைகளின் பிரிவினையால் லாபம் அடைந்தவர்கள் எனக்குத் தெரிய அவர்கள்தான்.

நாட்டில் சண்டை நடந்த காலத்தில் எல்லோரும் வீடு வாசலை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது கறையான் ஓர்கனைத் தின்றிருந்தது. துருத்தித் தோலை எலி முடித்திருந்தது. மாமாவும் நானும் அதை வெளியே எடுத்து வைத்துப் பார்த்தோம். அவர் ஒரு மிதிபலகையைத் தட்டிப் பார்த்து, “இது தேக்கு. இதைக் கறையான் தொடேல்ல,” என்று என்னிடம் தந்தார். அது இன்றும் எங்கள் குசினியில் தண்ணீர்க் குடத்துக்குக் கீழே இருக்கிறது. மாமா போய்ப் பல வருடமாகிவிட்டது. அவரை அடக்கம் செய்த அன்று எங்கள் கோயில் மணியையும் அடித்தார்கள்.

இப்போது அவர்களிடமும் ஒரு மின்சாரக் கீபோட் இருக்கிறது. எங்களிடமும் ஒன்று இருக்கிறது. நூறு விதமான சத்தம் வருமாம். சாம்பிராணிப் புகையைக் குடிக்காது, தைலமும் தேவையில்லை. நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. இப்போதைய சுவாமியும் அவர்களுடைய போதகரும் சிநேகிதர்கள், ஒன்றாகப் பந்து விளையாடுகிறார்கள். நாங்கள் இளந்தாரிகளாக இருந்தபோது அப்படி ஒன்றைக் கற்பனை செய்யவும் முடியாது. ஒற்றுமை வாரத்துக்குப் பனர் கட்டுகிறோம், தேத்தண்ணியும் பொரித்த பற்றிசும் கொடுக்கிறோம், கைகுலுக்கி, அடுத்த வருடம் சந்திப்போம் என்று பிரிகிறோம்.

நேற்றுக் குடத்தை எடுத்து வைத்துவிட்டு அந்தப் பலகையை மணந்து பார்த்தேன். தண்ணீர் மணம்தான். “என்ன பேசப் போறியள் எண்டு முடிவெடுத்தாச்சோ?” என்று மேர்சி கேட்டாள்.

முடிவெடுத்துவிட்டேன். புத்தகத்தைச் சுவாமியிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். யார் பிரிந்து போனார்கள், யார் தள்ளிவிட்டார்கள் என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும். இந்தப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றிப் பக்கக் கதவடியில் நின்ற ஒரு மனிதரைப் பற்றி மட்டும் நான் சொல்லுவேன். பத்து நிமிடம் போதும்.

அந்தப் பக்கக் கதவு இன்னும் இருக்கிறது. பூட்டி, அதற்கு முன்னால் ஓர் அலுமாரியை வைத்திருக்கிறார்கள். ஒருவரும் அந்த வழியால் ஒன்றையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. அதனால் அடுத்த ஞாயிறு எதையும் கொண்டுவந்து தர வேண்டிய கடமையும் ஒருவருக்கும் இல்லை.